சைக்கமோர் மரத்துப் பாணி

மேப்பிள் பாணியைக் கண்டால் எனக்கு அருவருப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் பான்கேக் சுட்டுப் பேரனுக்கு வைத்து, அதன்மேல் அந்தப் போத்தலைக் கவிழ்ப்பாள். மண்ணிறப் பாகு மெதுவாய், விளிம்பில் கொஞ்சம் நின்று வழியும். நான் எழும்பிக் குசினிக்குள் போய்க் காஸ் அடுப்பு நிற்பாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். நிற்பாட்டித்தான் இருக்கும். "மாமிக்குச் சீனி வருத்தம் வந்திடுமெண்டு பயம்" என்பாள் மருமகள். சீனி வருத்தத்துக்கும் பயம்தான், அதற்காக வருடத்தில் இரண்டு தரம் இரத்தம் சோதிக்கிறேன். ஆனால் எழும்பிப் போவது அதற்காக இல்லை.

என்னோடு ஒத்த வயதுக்காரரான உங்களுக்கு நான் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எண்பதுகளில் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு லண்டனுக்கு வந்து, நோர்பரியிலும் தோர்ன்டன் ஹீத்திலும் ஈரச் சுவர் வீடுகளில் வளர்ந்தவர்கள் நீங்கள். வீட்டுக்கு ஒரு அறை வாடகைக்கு விட்டிருப்பார்கள். அந்த அறையில் ஊரிலிருந்து தனியே வந்த ஒருவர் இருப்பார். அவரை நீங்கள் மாமா என்றோ சித்தப்பா என்றோ கூப்பிட்டிருப்பீர்கள். அந்த மாமாமார் பிறகு எங்கே போனார்கள் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? நான் யோசித்ததில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், அந்த ஒன்றை மட்டும் யோசிக்காமல் நாற்பது வருடம் கிட்ட இருந்திருக்கிறேன். படிப்பைப் பதினைந்து வயதில் விட்டவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு மேல் அறையில் இருந்தவரை நான் மேல் அறை மாமா என்று கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். காலையில் வந்து குளித்து, அம்மா போட்டு வைக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுப்பார். அப்பாவை அண்ணை என்பார், அம்மாவை அக்கா என்பார். அம்மா அவரைத் தம்பி என்பார். அவருடைய மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். மகளுக்கு என் வயது, பத்து. அவர்களைக் கூப்பிடுவதற்கு, வந்தால் இருக்க இடம் இருக்கிறது என்று வீட்டுக்காரர் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அப்பா எழுதுவதாய் இருந்தது. மாமாவின் அறையில் மனைவி இருப்பார், மகள் என்னோடு என் அறையில். அம்மாவே சொன்னார். நான் என் அலுமாரியில் அடித்தட்டு லாச்சியைக் காலி பண்ணி, உள்ளே பழைய பேப்பர் விரித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு சிநேகிதியும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த லாச்சி எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று அப்போதுதான் விளங்கும்.

அந்த வருடத் தைப்பொங்கலுக்குக் கனடாவில் இருந்து அத்தை ஒரு பார்சல் அனுப்பினார். அதற்குள் சின்னப் போத்தலில் மேப்பிள் பாணி. போத்தலில் ஒரு சிவப்பு இலைப் படம். அம்மா அதைப் புட்டில் விட்டு ஒரு வாய் வைத்து, "கித்துள் பாணிதான், கொஞ்சம் புகை மணம்" என்றார், ஊரில் கித்துள் மரத்தில் எடுக்கிற பாணியை நினைத்து. மூன்று நாளில் போத்தல் முடிந்தது. நான் விரலை உள்ளே விட்டு வழித்து நக்கினேன். விரல் மாட்டுப்பட்டுவிட்டது. வெட்டவேண்டி வருமோ என்று நான் அழ, மேல் அறை மாமாதான் சவர்க்காரம் போட்டு இழுத்தெடுத்தார். எடுத்தவர் போத்தலைத் திருப்பித் திருப்பி அந்த இலையைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து, மழைத்தண்ணிப் பீலியில் அடைபட்டுக் கிடந்த ஒரு அழுகின இலையைக் கையால் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து, மேசையில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கறுத்து, வழுவழுவென்று, அட்டை ஒன்று ஒட்டியிருந்தது அதில். சாப்பாட்டு மேசை அது.

"அண்ணை, பாருங்கோ. அஞ்சு விரல். உதே இலைதான்."

"சும்மா இரும். அது கனடா மரம்" என்றார் அப்பா.

"கனடாவிலை நிண்டால் கனடா மரம். நோர்பரியிலை நிண்டால் எங்கட மரம்."

அப்பா சிரித்தார். அப்பா சிரிப்பது குறைவு. பின்வளவில் வேலியோடு நின்ற அந்த மரத்தை வெட்ட வேணும், வேர் வந்து வீட்டின் அத்திவாரத்தைக் கிளப்பிவிடும் என்று அவர் வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு நான் படுக்கும்போது நிலம் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு படுப்பேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அது மேப்பிள் இல்லை, சைக்கமோர், தானாக முளைக்கிற குப்பை மரம் என்று சொன்னார். மேப்பிளுக்குச் சொந்தம்தான், ஆனால் யாரும் வீட்டுக்குள் எடுக்காத சொந்தம் என்றார். அப்பா இதைத் தமிழில் சொல்ல, மேல் அறை மாமா, "அப்ப சரி, எங்களை மாதிரித்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எந்த "எங்களை" என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாசியில் மாமா அந்த மரத்தில் பாணி எடுக்கத் தொடங்கினார். விடிய உறைபனி, மத்தியானம் கொஞ்சம் வெயில். அந்த நாட்களில்தான் மரம் தண்ணி விடும் என்று வாசிகசாலைப் புத்தகம் ஒன்றின் படங்களைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். முழங்கால் உயரத்தில் கைத் துளைப்பானால் துளை போட்டு, மை முடிந்த பேனாவின் வெறுங்கூட்டை அதில் செருகி, கீழே வாய் வெட்டின எண்ணெய்ப் போத்தலைக் கட்டினார். முதல் நாள் நாங்கள் எல்லோரும் குளிரில் நின்று பார்த்தோம். பாணி வரும் என்று நான் நினைத்திருந்தேன். வந்தது தண்ணீர். சொட்டு, சொட்டு, பச்சைத் தண்ணீர். எனக்குச் சீ என்று போய்விட்டது.

அடுத்த நாள் போத்தலுக்குள் பார்த்தால் இரண்டு அந்துப்பூச்சி, ஒரு சின்ன அட்டை, மேலே நுரை. மாமா அதை வடித்தெடுத்து, கடையில் வாங்கின வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு விரலில் எடுத்து அடுத்த போத்தலின் உட்புறமெல்லாம் பூசினார்.

"அதேன் மாமா?"

"பூசாட்டில் புளிச்சுக் கள்ளாப் போடும், பிள்ளை."

"இந்தக் குளிருக்கு எது தம்பி புளிக்கும்?" என்றார் அம்மா, குசினி யன்னலுக்குள் இருந்து.

மாமா தன் விரலைப் பார்த்தார். சுண்ணாம்பு பூசின விரல். "ஓம் அக்கா, கை தன்ரை பாட்டிலை செய்யுது" என்றார்.

முதல் தரம் காய்ச்சினபோது அந்தச் சுண்ணாம்பு தன் வேலையைக் காட்டியது. சோறு காய்ச்சுகிற பெரிய அலுமினியப் பானையில் ஊற்றி, காலையில் இருந்து பின்னேரம் மட்டும் கொதித்தது. சீனி மிகக் குறைவு என்பதால் ஒரு வாளி வற்றினால்தான் ஒரு கோப்பை. குசினி முழுக்க ஆவி. யன்னல்களில் தண்ணீர் ஓடியது. சுவர்க் கடதாசி ஓரங்களில் கழன்று நாக்குமாதிரித் தொங்கியது. கூரையில் பல வருடமாய்ப் படிந்திருந்த பொரியல் எண்ணெய்ப் பிசுக்கு இளகி, மஞ்சள் துளியாய் என் வீட்டுப்பாடக் கொப்பியில் விழுந்தது. ரீச்சரிடம் என்ன சொல்வது என்று நான் இரண்டு நாள் கொப்பியை ஒளித்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் பானையின் அடியில் மிஞ்சினது சாம்பல் பச்சையில் ஒரு கூழ். அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்த் துப்பினார். "சவர்க்காரத்தை அவிச்சிருக்கிறீர்" என்றார் வந்து.

இரண்டாந்தரம் சுண்ணாம்பு இல்லை. ஆனால் இந்தத் தரம் நரி. நோர்பரி நரிகளை உங்களுக்குத் தெரியும். முழங்கால் உயரத்தில் எது இருந்தாலும் அதற்குச் சொந்தம். போத்தலைத் தூக்கி மணந்த அம்மா ஓங்காளித்தார். அந்த மூத்திர நெடியை இப்போதும் என் மூக்கு மறக்கவில்லை. அதை ஊற்றிவிட்டு, துளையை அடைத்துவிட்டு, மாமா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். முதல் கிளை இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. எங்களிடம் ஏணி இல்லை.

அவர் ஏறினதை நான் மேலே என் அறை யன்னலில் நின்று பார்த்தேன். காலை எட்டு மணி, பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கிறேன். கொடியில் கிடந்த நீலத் துவாயை எடுத்து முறுக்கினார். அதை வளையமாய் முடிந்து இரண்டு பாதத்துக்கும் இடையில் மாட்டினார். சாரத்தை மடித்துக் கட்டினார், அந்தக் குளிரில். கத்தியை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகினார். பிறகு மரத்தைக் கட்டிப்பிடித்து, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி, துவாயை மரத்தில் ஊன்றி, எழும்பினார். நாலு எட்டில் கிளையில் இருந்தார். நான், விழுந்து செத்துப்போவார், பொலிஸ் வரும், எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணி முடிக்கமுதல் அவர் இறங்கிக் காலிலிருந்து துவாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். மனிதர் ஒருவர் அவ்வளவு அழகாய் ஒரு வேலை செய்வதை நான் அதற்குமுன் கண்டதில்லை. அப்பா ஒரு ஆணி அடித்தால் மூன்று பேர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

மேலே கட்டின போத்தல்களில் வந்தது சுத்தமான தண்ணீர். அதைக் காய்ச்சி எடுத்த பாணி, சொன்னால் நம்பமாட்டீர்கள், தேன் நிறம். அம்மா பால்புட்டு அவித்தார். ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடினார்.

"தம்பி, உம்மட கையிலை என்னவோ ராசி இருக்கு. கனடாப் பாணி இதுக்குக் கிட்ட நிக்காது."

"உங்கட புட்டு, அக்கா. அதுதான்."

மூன்று கிழமை தின்றோம். புட்டில், பாண் ரொட்டியில், அப்பா தயிரில்கூட. மாமா எனக்குத் தனியே சொன்னார், "உம்மட பிறந்தநாளுக்கு ஒரு போத்தல் நல்லாக் காய்ச்சி வைப்பன். என்ரை மோள் வந்தாப்போல ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ." என் பிறந்தநாள் பங்குனிக் கடைசியில். அப்பா கடிதத்தை ஒரு இரவு இருந்து எழுதி, தன் அலுவலகத்தில் தட்டச்சுப் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாய் இன்னொரு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கமா பிழைத்தாலும் நித்திரை வராது. என் பயம் அவரிடமிருந்து வந்ததுதான்.

அந்த ஞாயிறு இல்ஃபோர்டில் இருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியப்பா அப்பாவின் தமையன். காரை விட்டு இறங்கும்போதே ஊர்க்கதையோடு இறங்குவார். முன்னறைச் சோபாவில் காலைப் போட்டுக்கொண்டு, தான் இளந்தாரியாய் இருந்தபோது பனங்கூடலுக்குள் போய்ப் பிளாவில் கள்ளுக் குடித்த கதையைச் சொன்னார். ஓலையில் கோலின அந்தப் பிளாவை ஏந்தி எப்படிக் குடிப்பது என்று கையைக் குவித்துக் காட்டினார். "விடியக் காலமை, மரத்தாலை இறக்கின உடனை. அதுக்கு ஈடா இந்த நாட்டிலை ஒண்டும் இல்லையடா தம்பி." அப்பா தலையாட்டினார். மேல் அறை மாமா கதவடிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அம்மா பாணியைக் கொண்டுவந்து வைத்தார். பெரியம்மா நக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதை எங்கை வாங்கினனீங்கள்?" என்றார். நான் முந்திக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பெருமை.

"வாங்கேல்லைப் பெரியம்மா! எங்கட மரத்திலை எடுத்தது. மாமா துவாயைக் காலிலை கொழுவிக்கொண்டு ஏறுவார். ரெண்டு காலையும் ஒண்டாத் தூக்கி, இப்பிடி, இப்பிடி. கத்தி பின்னாலை. நாலே எட்டு!"

ஏறிக் காட்டினேன். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக் காட்டினேன்.

பெரியப்பா குவித்த கையை இறக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு கதவடிக் கதிரையைப் பார்த்தார்.

"வடமராட்சி எண்டனீர் என்ன. அதிலை எவடம்?"

"சந்தையடி, அண்ணை."

"சந்தைக்குக் கிழக்காலையோ மேற்காலையோ?"

"மேற்காலை."

"பள்ளிக்கூடம்?"

மாமா சொன்னார்.

"கோயில்? எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்? உள்ளுக்குப் போறனீங்களோ, வெளியிலை நிண்டு கும்பிடுறனீங்களோ?"

இந்தக் கேள்விகள் உங்களுக்கும் தெரியும். கலியாண வீடுகளில் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு சாதாரண விசாரிப்பு மாதிரித்தான் இருக்கும். கடைசியில் ஆளின் சட்டையைக் கழற்றி நடுவில் நிற்பாட்டிவிடும்.

மாமா கோப்பையைக் கதிரைக்குக் கீழே, நிலத்தில் வைத்தார்.

"அண்ணை, நீங்கள் என்ன கேக்கிறியளெண்டு விளங்குது. எங்கட அப்பா சீவினவர். நானும் பதினேழு வயசு மட்டும் ஏறினனான். மறைக்க வேணுமெண்டு மறைக்கேல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை."

சொல்லிவிட்டு எழும்பி மேலே போனார். படியில் அவர் கால்வைத்த சத்தம் ஒவ்வொன்றாய்க் கேட்டது.

பனையில் ஏறிப் பாளை சீவிக் கள்ளிறக்குகிறவர்கள் ஊரில் ஒரு சாதி, நாங்கள் அவர்களை வாசல்படிக்கு மேலே எடுக்காத சாதி. இது எனக்கு அன்றுவரை தெரியாது. அன்றும் யாரும் இருத்திவைத்துச் சொல்லவில்லை. பெரியம்மா கையிலிருந்த கரண்டியைத் தட்டில் போட்டார். அம்மா குசினிக்கு ஓடிப்போய்த் தண்ணித் தொட்டியில் குனிந்து ஓங்காளித்தார். மூன்று கிழமையாய்த் தின்று செரித்ததை வெளியே கொண்டுவரப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வெறும் எச்சில் நூலாய்த் தொங்கியது. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். கண்ணை மூடி, உம்மட கையிலை ராசி இருக்கு என்று சொன்ன அதே வாய்.

முன்னறையில் பெரியப்பா, "ஆளை அடியாமல் பிடியாமல் பக்குவமா வீட்டாலை எழுப்பிவிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் சீவின கள்ளைக் குடிக்கலாம் என்றால் காய்ச்சின பாணியை ஏன் தின்னக்கூடாது என்று கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி வர முப்பது வருடம் எடுத்தது. எனக்கு என்னிலேயே ஓங்காளம் வருகிற இடங்களில் அது ஒன்று.

அடுத்த நாள் காலை தேத்தண்ணி வேறு கோப்பையில் இருந்தது. சிவப்புப் பஸ் படம் போட்ட, காது உடைந்த மக். அதில் அம்மா பெயின்ற் பிரஷ் ஊறப்போடுவார். அதைக் கழுவித் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். குடித்து முடிந்ததும் மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல் தொட்டிக்குக் கீழே, தரை துடைக்கிற துணிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். அதை வைப்பது என் வேலை. மாமா அந்த மக்கைப் பார்த்தார். எடுத்துக் குடித்தார். தானே கழுவினார். கழுவி, தானே குனிந்து, தொட்டிக்குக் கீழே வைத்தார். இடம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடிதத்தை அவர் அந்தக் கிழமை இரண்டு தரம் கேட்டார். அப்பா பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், "இன்னும் ரெண்டு கிழமை பாப்பம்" என்றார். கேட்கும்போது அண்ணை என்று சொல்ல வாயெடுத்து மாமா விட்டுவிட்டதை நான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், ரெலிபோன் அடித்தது. கொழும்பு. அவருடைய மனைவி. அம்மா றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "போய்க் கூப்பிடு" என்றார். நான் படியில் கால் வைத்தேன். "மேலை போகாதை. இஞ்சை நிண்டு கூப்பிடு. மாமா கீமா எண்டு வேண்டாம். பேரைச் சொல்லிக் கூப்பிடு."

"பெரிய ஆளை எப்பிடியம்மா..."

"சொன்னதைச் செய்."

நான் படியடியில் நின்று அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெறும் பெயர். பத்து வயது நான், நாற்பதுக்குக் கிட்ட அவர். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இன்னொரு தரம் கூப்பிட்டதாய் ஆகிவிடும்.

அவர் வெளியே வந்து மூன்று படி இறங்கி நின்றார். என்னை நேரே பார்த்தார்.

"வாறன், நாச்சியார்" என்றார்.

எனக்கு அது ஒரு செல்லப் பெயர் மாதிரிக் கேட்டது. உண்மையைச் சொல்லவேண்டும், எனக்குச் சந்தோசமாய் இருந்தது. அன்று பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாச்சியார், நாச்சியார் என்று சொல்லிப் பார்த்தேன். ஊரில் அவர்கள் எங்கள் வீட்டுப் பெண்களைக் கூப்பிடவேண்டிய சொல் அது, தொட்டிலில் கிடக்கிற பெண்ணையும் கிழவன் அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்தது. அதைச் சொல்லக்கூடாது என்றுதான் அந்த மனிதர் கடல் கடந்து வந்திருப்பார். நான் நோர்பரியில் படியடியில் நின்று அதை அவர் வாயிலிருந்து எடுத்தேன்.

அவர் ரெலிபோனில் கதைத்ததும் எனக்குக் கேட்டது. "ஓமோம், சாப்பிட்டன். கடிதமோ? அது வரும். ரெண்டு கிழமை எண்டவை. சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை. நல்ல ஆக்கள். பிள்ளைக்கு அறையும் ஒழுங்கு பண்ணியாச்சு, லாச்சியும் இருக்கு."

அந்த லாச்சியைப் பற்றி நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வர, மேல் அறை திறந்து கிடந்தது. கட்டில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. அம்மா முழங்காலில் நின்று தரையை உரஞ்சிக்கொண்டிருந்தார். வீடு முழுக்க மருந்து நெடி. எங்கே போனார் என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியும்" என்றார். பின்வளவில், குசினி யன்னல் திண்டில், வெளிப்பக்கமாய் ஒரு போத்தல் இருந்தது. கனடாவில் இருந்து வந்த அதே போத்தல், என் விரல் மாட்டுப்பட்டது. கழுத்தில் ஒரு துண்டுப் பேப்பர் நூலால் கட்டியிருந்தது. "பிள்ளையின் பிறந்தநாளுக்கு." உள்ளே விளிம்பு வரைக்கும் பாணி. உள்ளே கொண்டுவராமல் வெளியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அதை ஊத்திப்போட்டுப் போத்தலைக் குப்பைத் தொட்டியிலை எறி" என்று மேலே இருந்து அம்மா கத்தினார்.

இனி நடந்ததைச் சொல்லமுதல் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமாகி, வீட்டை விற்கத் துப்புரவாக்கியபோது, அவர் அலுமாரியில் காஸ் பில்களுக்குக் கீழே அது இருந்தது. மூக்குக்கண்ணாடி கையில் இல்லாததால் மகனைக் கொண்டு வாசிப்பித்தேன். "நல்ல இங்கிலிஷ், அம்மா" என்றான். எங்கள் வீட்டில் அவர்களுக்குப் போதிய இடம் உண்டு, அவர்களை எங்கள் குடும்பத்தில் ஒருவராய்க் கவனித்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. ஒரு கமாவும் பிழையில்லை. கீழே அப்பாவின் பெயர் தட்டச்சில் இருந்தது. அதற்குமேல் கையெழுத்து வைக்கிற இடம் வெள்ளையாய்க் கிடந்தது.

அவருடைய மனைவியும் மகளும் வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் விம்பிள்டன் கோயிலில் என் வயதுப் பெண் ஒருத்தி முன்னால் நின்றால், இவளாய் இருக்குமோ என்று பார்ப்பேன். கேட்கமாட்டேன். என்ன கேட்பது? எந்த ஊர், சந்தைக்குக் கிழக்காலையோ மேற்காலையோ என்றா?

அன்று, போத்தலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். மேலே கட்டின போத்தல்களை அவர் அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார். துளைகளை மரக்குச்சியால் அடைத்து, மேலே மண் பூசியிருந்தார். நான் மூடியைத் திறந்தேன். விரலை விட்டேன், இந்தத் தரம் கவனமாய். வாயில் வைத்தேன்.

அதுபோல் ஒன்றை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை. மூன்று கிழமை தின்றதைவிடத் திறமாய் இருந்தது, வெண்ணெயும் கருகின சீனியும் சேர்ந்தமாதிரி. அவர் சொன்னபடியே காய்ச்சியிருந்தார். நாக்கில் அது பரவிக்கொண்டு போனது. நான் அதை விழுங்கவில்லை.

அம்மா மேலே தரை உரஞ்சிக்கொண்டிருந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். கிழவி வீட்டு யன்னலில் திரை மூடியிருந்தது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை, துப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

துப்பினேன். துப்பிவிட்டு, தோட்டத்துக் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். ஒரு தரம் போதும் என்றுதான் நினைத்தேன். போதாது என்று பட்டது. மூன்று தரம் கொப்பளித்தேன்.